கோட்டைக்குள் ஒரு கோயில்



ஊர் பார்க்கப் புறப்படுவோரில் மூன்று வகையினர் உண்டு. பழைய கோட்டை கொத்தளங்களைத் தேடிச் செல்வோர் ஒரு வகையினர். திருத்தலங்களைத் தரிசிக்கச் செல்வோர் மற்றொரு வகையினர். காட்டையும் கடலையும் அவற்றில் வாழும் உயிர்களையும் காணச் செல்வோர் பிறிதொரு வகையினர். இம்மூவரும் பெரும்பாலும் வெவ்வேறு திசைகளில் வண்டியேற வேண்டியிருக்கும். திருகோணமலைக்குச் செல்வோருக்கு அந்தத் தொல்லை இல்லை. கோணேசப் பெருமானைத் தரிசிக்க வேண்டுமாயின் கோட்டை வாயிலின் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்து சிறிது தூரம் நடப்பதற்குள் புள்ளிமான்கள் எதிர்ப்படும். மலையின் விளிம்புக்குச் சென்று கடலை நோக்கினால், காலமும் வாய்ப்பும் கூடினால், திமிங்கிலம் மேலெழுந்து மூச்சுவிடுவதையும் காணலாம்.

ஒரே பாறையில் இவையெல்லாம் கூடியிருப்பதைப் பார்த்து, ஏதோ இணக்கமாக அமைந்த குடித்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். கோயிலை இடித்த கற்களைக் கொண்டுதான் கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் குடியும் கடையும் பெருகாதிருந்தமையால்தான் மானுக்கு மேயும் நிலம் மிஞ்சியது. ஒன்றின் கேடு மற்றொன்றின் பிறப்பாகவும், ஒன்றின் காவல் மற்றொன்றின் பிழைப்பாகவும் முடிந்த விந்தையான வரலாறு அது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், கொழும்பிலிருந்து நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில் இருப்பது திருகோணமலை. புகையிரதத்தில் செல்வோர் கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையைப் பிரிந்து செல்ல வேண்டும். சாலை வழியாகச் செல்வோர் கந்தளாய்க் குளத்தை அண்டிய காட்டைக் கடக்கும்போது, குறிப்பாக மாலை வேளையில், வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பக்கத்து யானைகளுக்குச் சாலை விதிகள் தெரியா.

நகரத்தின் கிழக்கோரத்தில் ஒரு நிலநாக்கு கடலுக்குள் நீண்டு, முனையில் பெரும்பாறையாக உயர்ந்து நிற்கின்றது. அதுவே கோணேசர் மலை. சுவாமி மலை என்றும் வழங்குவர். கடற்பக்கம் அது ஏறத்தாழ 400 அடி செங்குத்தாக இறங்குகின்றது. தெற்கே கொட்டியாரக்குடா விரிந்து கிடக்கின்றது. மகாவலி கங்கையின் நீர் கடலைச் சேருவது அங்கேதான். அந்தக் குடாவின் வடபுறத்தில், குன்றுகள் சூழ, உட்துறைமுகம் ஒதுங்கியிருக்கின்றது. வெளிக்கடலில் எத்தனை கொந்தளிப்பு இருந்தாலும் உட்துறைமுகத்தின் நீர் குளத்து நீர் போலக் கிடக்கும்.

இந்தத் துறைமுகத்திற்காக ஐரோப்பிய வல்லரசுகள் ஏன் அவ்வளவு போராடின என்பதை அறிய, காற்றைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டும். சோழமண்டலக் கரை நெடுகிலும் பாய்க்கப்பல் காலத்தில் பெரிய கடற்படை ஒன்று ஒதுங்குவதற்கு ஏற்ற துறைமுகம் இருக்கவில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மனிதரும் மசூலாப் படகுகளில் அலை கடந்து கரை சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்றும் புயலும் மூண்டுவிட்டால் அங்கே நிற்பது தற்கொலைக்கு ஒப்பாகும். ஆகவே போர்க்கப்பல்கள் குமரிமுனையைச் சுற்றிப் பம்பாய்க்குப் போய்விடும். பகைவன் மாத்திரம் திருகோணமலையை வைத்திருப்பானாயின், அவன் அருகிலேயே மழைக்காலத்தைக் கழித்துவிட்டு, காற்று மாறியதும் முதலில் கடலுக்கு வந்துவிடுவான். வங்கக்கடலின் சாவி அங்கே இருந்ததென்றால் மிகையன்று.

இதற்கு ஒரு தனிமனிதரின் கதையே சான்று. 1659ஆம் ஆண்டு நவம்பரில், மசூலிப்பட்டினக் கரையில் எழுந்த புயலில் ஆங்கிலக் கப்பல் ஒன்று பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் வெட்டிப் பொருத்திக்கொள்ள அது கொட்டியாரக்குடாவை நாடி வந்தது. 1660இல் கண்டியரசனின் ஆட்கள் அதன் தலைவரையும் மாலுமிகளையும் சிறைப்பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அவர்களுள் ஒருவர்தான் தலைவரின் மகனாகிய ரொபேர்ட் நொக்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக வாழ்ந்து, தப்பிச் சென்று, 1681இல் அவர் வெளியிட்ட நூல், அக்காலத்து இலங்கை மக்களின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள சிறந்த பதிவுகளுள் ஒன்று. ஒரு பாய்மரத்திற்காக வந்தவரிடமிருந்து ஒரு நாட்டின் சித்திரம் நமக்குக் கிடைத்தது.

கப்பல் மன்னர்களுக்குத் துறைமுகம் தெரியவருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழருக்கு அந்த மலை தெரிந்திருந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பதிகம் பாடினார். ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. மற்றொன்று மன்னாரை அடுத்த திருக்கேதீச்சரம். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இம்மாவட்டத்தில் பலவிடங்களிற் கிடைத்துள்ளன. கோட்டைக்குள்ளேயே கிடைத்த வடமொழிச் சாசனம் ஒன்று, 1223ஆம் ஆண்டில் சோடகங்கன் என்பவன் வந்த செய்தியைச் சொல்கின்றது. பின்னர் பாண்டியர் செல்வாக்கு இங்கு எட்டியது. குளக்கோட்டன் என்னும் மன்னன் கோயில் திருப்பணி செய்தான் என்பதும், கந்தளாய்க் குளத்தைக் கோயிலுக்கென்றே கட்டினான் என்பதும் இப்பக்கத்து மக்களின் உள்ளத்தில் ஊறிய மரபு. பாளி நூல்கள் கந்தளாய்க் குளத்தை அநுராதபுர மன்னரோடு சேர்த்துப் பேசுகின்றன. எவர் கட்டியிருந்தாலும், அந்தக் குளத்து நீரில் விளைந்த நெல்லுக்கும் கோயிலின் நித்திய பூசைக்கும் தொடர்பு இருந்ததென்ற நினைவே மரபின் உட்கரு.

1622ஆம் ஆண்டில் அந்தத் தொடர்பு அறுந்தது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் படைகள் கோயிலை இடித்தன. அப்போது அந்த நிலநாக்கில் ஒன்றல்ல, மூன்று கோயில்கள் இருந்தன என்பது போர்த்துக்கேயர் எழுதிவைத்த குறிப்பினாலேயே தெரிகின்றது. இடித்தவர்களே அளவும் படமும் வரைந்து வைத்தார்கள் என்பது சரித்திரத்தின் முரண்களுள் ஒன்று. தூண்களும் தளக்கற்களும் பெரும்பகுதி கடலில் உருண்டன. மிஞ்சியவை 1624இல் எழுந்த கோட்டையின் சுவரேறின. இன்றும் கோட்டை வாயிலில் நின்று நிலைக்கற்களை உற்றுநோக்குவோர் அங்கே இணைக்கயல் வடிவத்தைக் காணலாம். பாண்டியரின் சின்னம் அது. போர்த்துக்கேயர் மீனைச் செதுக்கவில்லை. செதுக்கிய கல்லை எடுத்து வைத்தார்கள். அருகே ஒரு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் உடைப்பர் என்று வருங்காலம் உரைக்கும் பாங்கில் அமைந்தது அது. அவசரமாக உள்ளே போகும் யாத்திரிகர் பலர் இவற்றைக் காணாமலே கடந்துவிடுகின்றனர். பேருந்தை வெளியே நிறுத்திவிட்டு நடந்து செல்வதே சிறந்தது என்பேன்.

பிறகு அந்தக் கோட்டை கைமாறிய வேகத்தைச் சொன்னால் தலை சுற்றும். 1639இல் ஒல்லாந்தர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்குத் துணைநின்று அதைப் பிடித்தனர். சில ஆண்டுகளில் அது இடிக்கப்பட்டது. 1665இல் ஒல்லாந்தரே மீண்டும் கட்டினர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படையொன்று குடாவில் வந்திறங்கிச் சில மாதங்கள் தங்கிப் பார்த்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் பறித்தார். மூன்று நாள் கழித்து இரு கடற்படைகளும் துறைமுகத்திற்கு வெளியே மோதின. சமாதானத்தின்போது அது ஒல்லாந்தருக்கே திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர் மறுபடியும் பிடித்தனர். அதன் பின்னர் விடவில்லை. 1803இல் தங்கள் இளவரசர் ஒருவர் பெயரால் பிரெட்ரிக் கோட்டை என்று அதற்குப் பெயரிட்டனர். துறைமுக வாயிலைக் காக்கும் குன்றின்மீது ஒல்லாந்தர் அமைத்த ஒஸ்டன்பர்க் கோட்டை இன்று கடற்படைத் தளத்திற்குள் இருப்பதால், அதைக் காண முன்கூட்டி அனுமதி பெற வேண்டும்.

கோட்டைக்குள் வழிகாட்டுவோர் இரண்டு கதைகளைத் தவறாமல் சொல்வார்கள். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே நோயுற்றுத் தங்கியதால், மூழ்கிப்போன கப்பலில் ஏறாது தப்பினார் என்பது ஒன்று. அவர் 1800ஆம் ஆண்டின் முடிவில் இங்கு வந்து தங்கியது உண்மை. ஆனால் நோயுற்றதும் அக்கப்பலைத் தவறவிட்டதும் 1801இல், பம்பாயில். மற்றொன்று, காதலன் கப்பலேறிப் போனதைக் கண்ட பிரான்சீனா என்னும் ஒல்லாந்தப் பெண் பாறையிலிருந்து குதித்தாள் என்பது. 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் தூண் ஒன்று அங்கே நாட்டப்பட்டது மெய். அந்தப் பெண் அதன் பின்னரும் வாழ்ந்து மணம் புரிந்ததாகவே ஒல்லாந்தப் பதிவுகள் கூறுகின்றன. கதைகளைக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் அந்தத் தூணைக் கூர்ந்து பாருங்கள். அதுவும் இடிந்த கோயிலின் தூணே என்று கருதுவோர் உண்டு.

கோயில் இல்லாத காலத்தில் வழிபாடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது நிற்கவில்லை. உள்நாட்டில் தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் கோயில் எழுந்து மரபைத் தாங்கிக்கொண்டது. மலையிலோ, கட்டடம் ஏதுமின்றிப் பாறையின் விளிம்பிலேயே பூசை நடந்தது. ஆங்கிலேயர் காலத்தில் குருக்கள் அந்த விளிம்பில் நின்று, பூவையும் பழத்தையும் கீழேயுள்ள கடலில் இட்டு, தீபங் காட்டிய காட்சியை அக்காலத்து வெள்ளைக்காரரே வியந்து எழுதியிருக்கின்றனர். கோயில் கடலுக்குள் போய்விட்டது. ஆகவே நைவேத்தியமும் கடலுக்கே போயிற்று.

நிலமும் கடலும் தாம் வைத்திருந்ததைத் திருப்பித் தரத் தொடங்கியது நமது காலத்திற்கு அணித்தேதான். 1950இல் மலைக்குச் சற்றுத் தொலைவில் கிணறு தோண்டிய நகரசபைத் தொழிலாளரின் மண்வெட்டியில் வெண்கல விக்கிரகங்கள் தட்டுப்பட்டன. சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் பார்வதியும் பிள்ளையாரும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தனர். இடிக்க வந்த படை வருமுன் எவரோ புதைத்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கைகளின் பெயரைச் சரித்திரம் எழுதவில்லை. 1956இல் விஞ்ஞானக் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிவாரத்துக் கடலில் மூழ்கி, பாறைகளுக்கிடையே செதுக்கிய தூண்களும் கற்களும் கிடப்பதைக் கண்டனர். ஊரார் பொருளும் உழைப்பும் தந்து எழுப்பிய இன்றைய கோயிலுக்கு 1963 மார்ச் 3ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. இடித்த நாளிலிருந்து எண்ணினால் 341 ஆண்டுகள்.

இனி மான்களிடம் வருவோம். இவை இலங்கையின் தாழ்நிலக் காடுகளில் வாழும் புள்ளிமான்களே. பல மானினங்களுக்குக் குட்டிப் பருவத்துப் புள்ளிகள் வளர வளர மறைந்துவிடும். இவற்றுக்கோ வாழ்நாள் முழுதும் மறைவதில்லை. கலைமானின் கொம்பு உதிர்ந்து மீண்டும் வளரும். காட்டில் இவற்றின் பெரும்பகை சிறுத்தை. கோட்டையில் சிறுத்தை இல்லை. பெருமரங்களின் நிழல் உண்டு. மதிற்புறத்துப் புல் உண்டு. எந்தக் கொடி பறந்தபோதும் அது படையினர் இருப்பிடமாகவே இருந்தமையால், வீடுகளும் கடைகளும் உள்ளே பெருகவில்லை. பீரங்கிக்காகக் காத்து வைத்த வெற்றிடம் மானுக்குப் பயன்பட்டது என்பதே என் எண்ணம்.

ஆயினும் இப்போது அவற்றுக்கு வந்துள்ள பகை வேறு. யாத்திரிகர் அன்போடு நீட்டும் பழத்தை வாங்கிப் பழகிய மான், பழம் வந்த பொலித்தீன் பையையும் விடுவதில்லை. சோற்றின் உப்பும் வாசமும் பையில் ஒட்டியிருப்பதால் அதுவும் உணவென்றே எண்ணி விழுங்கிவிடும். மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை நான்கு அறைகளாக அமைந்தது. முதலறையில் சேர்ந்த பொலித்தீன் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. அறை நிறைந்திருப்பதால் பசி தோன்றாது. பசியின்றியே விலங்கு மெலிந்து சாகும். உணவு தேடி நகரத்துத் தெருக்களுக்கும் இவை இறங்குகின்றன. அங்கே வண்டிகளும் நாய்களும் காத்திருக்கின்றன. மானுக்குப் புல் போதும். நமது கைப்பழம் அதற்கு வேண்டியதில்லை. உணவுப் பையை வெளியே வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். இதைவிடப் பெரிய ஜீவகாருண்யம் அங்கே வேறில்லை.

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில் நிலாவெளி. அங்கிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு கடலுக்குள் புறாத்தீவு. உண்மையில் பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவுகள். மாடப்புறாக்கள் அங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதனால் அந்தப் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அது துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்காயிருந்தது. 1963இல், அதாவது கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த அதே ஆண்டில், அத்தீவு சரணாலயமாயிற்று. 2003இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. தீவைச் சுற்றி ஆழமற்ற நீரில் முருகைக்கற் பாறைகள் பூந்தோட்டம் போலப் பரந்திருக்கின்றன. முருகைக்கல் என்பது கல்லன்று. கோடானுகோடி நுண்ணுயிர்கள் தங்கள் உடலிலிருந்து சுண்ணத்தைச் சுரந்து எழுப்பிய மாளிகை. கடல்நீரின் வெப்பம் சில பாகை கூடினாலே அவற்றினுள் வாழும் பாசிகள் நீங்கி, முருகை வெளுத்துவிடும். 1998இல் இந்துமாக்கடல் முழுவதும் அவ்வாறு வெளுத்தபோது இலங்கையின் பல பாறைகள் அழிந்தன. இத்தீவைச் சூழ்ந்தவை பெரும்பாலும் தப்பின. கடல் வெப்பத்திற்குத் தப்பியது மனிதக் காலுக்குத் தப்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் ஆழமில்லாத இடமென்று முருகையின்மீது ஏறி நின்று இளைப்பாறுவதுண்டு. பல்லாண்டு வளர்ந்த கிளை ஒரே மிதியில் முறிந்துவிடும்.

திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அண்மையில் வருவதற்குக் காரணம் கடலடியில் இருக்கின்றது. கொட்டியாரக்குடாவின் வாயிலிலிருந்தே ஒரு பெரும் பள்ளத்தாக்கு கடலடியில் தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகின்றது. ஆகவே மற்றைய கரைகளில் நெடுந்தூரம் கப்பலோட்டிச் சென்று காண வேண்டிய ஆழநீர் இங்கே கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றது. உலகில் வாழ்ந்த விலங்குகளிலெல்லாம் பெரியதான நீலத் திமிங்கிலமும், கணவாயைத் தேடி மூவாயிரம் அடிக்கும் கீழே மூழ்கும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் இங்கு வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்க, கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். பார்ப்பதற்கு ஏற்ற காலம் அதுவே. 1979இல் இந்துமாக்கடல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் துலிப் என்னும் சிறு பாய்க்கலத்தில் வந்த ஆராய்ச்சியாளர், திமிங்கிலத்தைக் கொல்லாமலே அதன் வாழ்க்கையை அறிய முடியும் என்பதை இக்கடலில் காட்டினர். ஆனால் 1983இல் மூண்ட போர் அந்த ஆராய்ச்சியைத் தொடரவிடவில்லை. 2009 வரை இக்கரை எத்தனையோ துயரங்களைச் சுமந்தது. இடையே 2004இல் ஆழிப்பேரலையும் வந்து மோதியது. அவ்வாண்டுகளிலும் கோணேசருக்கு விளக்கெரிந்தது.

நகரத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் காண வேண்டியவை இன்னும் உண்டு. சீனன்குடாவை அடுத்து, புதர் மண்டிய காட்டிடையே, ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே இருக்கின்றன. இராவணன் தன் தாயின் அந்தியேட்டிக்கு நீர் வேண்டி வாளால் ஊன்றித் தோற்றுவித்தான் என்பது மரபு. ஒன்றுக்கொன்று வெப்பம் வேறுபடும்.

கன்னியாவுக்கும் வடக்கே, பெரியகுளத்தை அண்டிய காட்டில், வெல்கம் விகாரையின் இடிபாடுகள் கிடக்கின்றன. அங்கே மாத்திரம் ஒரு முற்பகலை ஒதுக்கி வையுங்கள். தமிழ் மக்கள் அதை நாதனார் கோயில் என்று அழைத்துவந்தனர். பதினோராம் நூற்றாண்டில், சோழர் ஆட்சி நடந்தபோது, அந்தப் பௌத்தப் பள்ளி இடிக்கப்படவில்லை. இராசராசப் பெரும்பள்ளி என்று சோழ மன்னன் பெயரையே அது பெற்றது. அங்கே கிடைத்த கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. இன்னார் இத்தனை பசு கொடுத்தார், இன்னார் விளக்கு வைத்தார் என்று அவை சொல்கின்றன. கொடுத்தோர் தமிழர், கொடை பெற்றது புத்தர் பள்ளி. காட்டு நிழலில் சாய்ந்து கிடக்கும் அந்தக் கற்களில் அவ்வெழுத்துகளை இன்றும் விரலால் தொட்டுப் படிக்கலாம்.